ஏட்டுக் குதிரை

தொச்சிகுபோவுக்கு ஒரே தெரு.
நுழையும் இடத்தில் ஒரு முறுக்கு, முடியும் இடத்தில் ஒரு முறுக்கு.
அம்பு நேராகப் பாயக் கூடாதாம்.
நடுவில் நாற்பத்தோரு வீடுகள்,
முகம் ஒடுங்கி, உடம்பு விலாங்காய் நீண்டு;
வாசலின் அகலத்துக்குத்தானே வரி.

ஆணை எளிது:
இருபத்தைந்து ஆள், இருபத்தைந்து குதிரை,
எந்நேரமும் தயார்.
பிரபு வந்தாலும் சரி,
பிரபுவின் தேயிலைச் சாடி மட்டும்
பல்லக்கில் வந்தாலும் சரி.
சாடிக்கும் மண்டியிட வேண்டும்.
மண்டியிட்டார்கள்.

அஞ்சல் மனையின் பழைய ஏடுகளை
நான் படியெடுக்கிறேன்,
செவ்வாயும் வியாழனும், நகராட்சியின் மணிக்கூலிக்கு.
பூச்சி தின்றது போக மிஞ்சியதற்கு
வரலாறு என்று பெயர்.
கோப்புறையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இருபத்தைந்தாம் குதிரையின் பெயர் உசுசுமி.
வெளிறிய மை என்று பொருள்.
சாம்பல் நிறம், சுழி சுத்தம், வயது ஏழு.
மாதாமாதம் வாற்கோதுமை, தவிடு, சோயா.
புரட்டிக்கொண்டே போனேன்.
பத்து வருடம் கழித்தும் வயது ஏழு.
முப்பத்தோராம் வருடமும் ஏழு.
மற்றக் குதிரைகள் வைக்கோல் செருப்பை
இரண்டு நாளைக்கு ஒரு ஜோடி தேய்த்துத் தள்ள,
இதற்கு மட்டும் ஒரு ஜோடிகூட வாங்கவில்லை.

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பனி பயிரைக் கருக்கிய ஆண்டு அது.
குதிரை செத்தது, வாங்கக் காசில்லை,
மறுநாள் கணக்குப் பார்க்க ஆள் வருகிறான்.
மனைத்தலைவன் ஜின்னோஜோ
இரவோடிரவாகத் தூரிகையால்
ஒரு குதிரையை ஈன்றெடுத்திருக்கிறான்.
கெட்டிக்காரன். தீவனக் காசும் வந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது, சரி;
ஏட்டுக் குதிரை மட்டும்
எப்படி முப்பது வருடம் கணவாய் ஏறியது?

குதிரைக்குச் சுமை நாற்பது கன்.
ஆளுக்கு ஐந்து.

விடை வேறோர் இடத்தில் கிடைத்தது,
பிரபுக்கள் தங்கிய விடுதியின் நகர்த்துக் கதவுக்குள்,
ஒட்டுக் காகிதமாக, பசையில் ஊறி.
நுகசாவா கிராமத்து நுயி
யாரிடமோ சொல்லி எழுதவைத்த மனு:

"ஒவ்வொரு முறையும் எங்களில் எட்டுப் பேரை அழைக்கிறார்கள்,
நாற்று நடும் நாளிலும்.
என் புருஷனுக்குக் கால் ஒடிந்ததால் நான் தூக்கினேன்.
கூலி கேட்டால்
குதிரைக்குக் கொடுத்தாயிற்று என்கிறார்கள்.
அந்தக் குதிரையை எனக்குக் காட்டுங்கள்."

பதில் என்று ஒன்றும் இல்லை.
மனுவைக் கிழித்துக் கதவுக்கு உள்தாளாக ஒட்டினார்கள்.
அதன்மேல் கொக்குகள் வரைந்த தாள்.
அந்தக் கொக்குகளைப் பார்த்தபடி எத்தனை பிரபுக்கள் தூங்கினார்களோ.

கடைசியில் வேறொரு சோதனைக்காரன்,
பல்லைப் பிடித்துப் பார்க்கும் ஜாதி,
வரப்போகிறான் என்று தெரிந்த வாரத்தில்
உசுசுமி வயிற்று வலியில் மாண்டது.
ஏட்டில்தான்.
சந்தேகம் வரக்கூடாதென்று
ஊர்க்கோடியில் கல்லும் நட்டார்கள்:
குதிரைத்தலை தாங்கிய கருணைத் தெய்வம்,
கீழே நாள், மாதம், பெயர்.

பிறகு அஞ்சல் மனைகளைக் கலைத்தார்கள்.
ரயில் வந்தது, ஆற்றுக்கு அக்கரையில்.
இரண்டு முறை தீ. இரண்டு முறையும்
கல் கொஞ்சம் கறுத்ததோடு சரி.

போன மாதம் சுற்றுலாப் பிரிவு கேட்டது:
கல்லுக்குப் பலகை வைக்கிறோம்,
உழைத்த குதிரையைப் பற்றி நெகிழ்ச்சியாக
ஐந்து வரி தாருங்கள்.
நான் நுயியின் மனுவை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.
எழுத்து எண்ணிக்கை மிகுதி என்று
திரும்பி வந்தது.

இப்போது வருகிறவர்கள்
கல்லின் முன்னால் காரட் வைக்கிறார்கள்.
இரவில் மலையிறங்கி
குரங்குகள் தின்றுவிட்டுப் போகின்றன.
காலையில் ஒரு குழந்தை கத்துகிறது:
"அம்மா, குதிரை வந்திருக்கு!"